கீழ்ப் பிரிவுக் கழகம், 14 இலட்சம் கடன்: ரசிகர்கள் காசு போடலாமா, புதுக் கழகம் தொடங்கலாமா?

(கேள்வியும் பதில்களும்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வடகொழும்பு ரசிகன்

கொழும்பில் கீழ்ப் பிரிவொன்றில் ஆடும் உதைபந்தாட்டக் கழகம். பெயர் வேண்டாம். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, ஆமர் வீதிப் பக்கத்துப் பொடியன்கள்தான் அணி. ஜேர்சியில் பெயர் போட்டிருந்த அனுசரணையாளர் போன சீசனோடு விலகிவிட்டார். அதற்குப் பிறகுதான் உள்ளே எவ்வளவு ஓட்டை என்று தெரிந்தது.

இன்றைய கடன்: விளையாட்டுப் பொருள் கடை 385,000. பயிற்றுநர் ஆறு மாதச் சம்பளம், 45,000 வீதம் 270,000. மைதானக் கட்டணம் பன்னிரண்டு மாதம், 14,000 வீதம் 168,000. வான் கூலி 97,000. முழங்காலில் அடிபட்ட பொடியனின் ஸ்கேன், மருந்துச் செலவைக் கழகம் தருவதாகச் சொன்னது 140,000. முன்னாள் தலைவர் "நான் போட்ட காசு" என்று கேட்பது 400,000. மொத்தம் 1,460,000.

அங்கத்தவர் பட்டியலில் 140 பெயர் இருக்கிறது. மாதம் 200 ரூபா சந்தா ஒழுங்காகக் கட்டுவது முப்பது பேர். வங்கிக் கணக்கில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்; பொருளாளர் கட்டாரில். அதனால் இப்போது சேரும் காசு செயலாளரின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. அடுத்த சீசன் பதிவுக்கு நாலு மாதம்தான்.

மூன்று கேள்வி. ரசிகர்கள் இப்போது காசு திரட்டிக் கொடுக்கலாமா? அணிக்கு ஏழு பேர் ஆடும் பெரிய செவன்-எ-சைட் போட்டி ஒன்று வைத்தால் கடன் அடையுமா? இல்லாவிட்டால் சிலர் சொல்வது மாதிரி இதை விட்டுவிட்டுப் புதுப் பெயரில் தொடங்குவது நல்லதா?

ஐந்தொகை

தம்பி, உங்கள் கழகத்தின் நோய் 14 இலட்சம் இல்லை. நீங்கள் எழுதின கணக்கிலேயே அது தெரிகிறது. பயிற்றுநர் 45,000, மைதானம் 14,000, வான், தண்ணீர், பந்து, பிளாஸ்ரர் என்று குறைந்தது ஒரு 15,000. மாதம் 74,000 போகிறது. வருவது 30 பேர், 200 ரூபா, 6,000. மிச்சம் 68,000 பள்ளத்தை இவ்வளவு நாளும் அனுசரணையாளர் மூடினார். அவர் போனதும் கடைக்காரரும் பயிற்றுநரும் தங்களுக்குத் தெரியாமலே மூடினார்கள். இந்தப் பள்ளத்தை விட்டுவிட்டு நாளைக்கு யாராவது 14 இலட்சத்தைத் தூக்கிக் கொடுத்தாலும் இரண்டு வருடத்துக்குள் இதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: இன்றைக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். செயலாளர் தங்கமான மனிதராக இருக்கலாம். அவருடைய சம்பளம், பிள்ளையின் டியூஷன் காசு எல்லாம் ஓடும் கணக்குக்குள் கழகக் காசு விழுந்தால் மூன்றாம் மாதம் அவராலேயே பிரித்துக் காட்ட முடியாது. பழி மட்டும் அவருக்கு மிஞ்சும்.

முதலில் வங்கியிடம் 24 மாதக் கூற்று எடுங்கள். பக்கத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் கூட்டக் குறிப்புப் புத்தகத்தையும் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். மூன்று வகை வரும்: பற்றுச்சீட்டு இருக்கிற செலவு, பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்த செலவு (வான், ஐஸ், நடுவர் காசு), ஒருவருக்கும் தெரியாத செலவு. மூன்றாவதைப் பார்த்தவுடனே கள்வன் பட்டம் கட்டாதீர்கள். சின்னக் கழகங்களில் அதில் பெரும்பகுதி, ஒருவர் கையிலிருந்து போட்டு, பிறகு எழுதாமலே கழித்துக்கொண்ட காசாக இருக்கும். ஆனால் அந்தத் தொகை எவ்வளவு என்பதை ஒளிக்காமல் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

பட்டியலில் வராத கடன் ஒன்றும் இருக்கலாம். மைதானக்காரர், காவலாளி என்று மாதச் சம்பளத்துக்கு யாரையாவது வைத்திருந்தீர்களா? வைத்திருந்தால் ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) கழகத்தின் பங்கு 12 வீதம், அவருடையது 8 வீதம், ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் கட்டியிருக்க வேண்டும். பிந்தினால் ஈபிஎஃப் மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். கடைக்காரரைப் போல இதைப் பேசிக் குறைக்க முடியாது.

இனி எதை முதலில் கட்டுவது. மைதானம் முதல், ஏனென்றால் அது இல்லாவிட்டால் கழகமே இல்லை. 168,000ஐ ஒரேயடியாகக் கேட்டால் நாலு தவணை கேளுங்கள், முதல் தவணையைக் கையோடு கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போய்த் தவணை கேட்டால் கடிதம் கோப்புக்குள் போய்விடும். அடுத்தது அடிபட்ட பொடியன். அது சட்டத்தில் எத்தனையாம் இடமோ தெரியாது, அந்தப் பணம் கிடைக்காவிட்டால் அடுத்த சீசனில் எந்தத் தாயும் மகனை அனுப்பமாட்டாள். மூன்றாவது பயிற்றுநர். வான்காரருக்குப் பாதியாவது. கடை கடைசி, கடைக்காரருக்கு உங்கள் அடுத்த ஓடர் வேண்டும், அதனால் பேச இடம் இருக்கிறது. திறக்காத பொருள் இருந்தால் திருப்பிக் கொடுங்கள், மீதியில் கழிவு கேளுங்கள். பேசி முடிந்ததும் "இந்தத் தொகையோடு முழுக் கடனும் தீர்ந்தது" என்று அவருடைய கடிதத்தாளில், திகதி, கையொப்பம், இறப்பர் முத்திரையோடு வாங்குங்கள். 25,000க்கு மேற்பட்ட பற்றுச்சீட்டுக்கு 25 ரூபா முத்திரை ஒட்ட மறக்க வேண்டாம்.

பின்னால் வரும் திகதி போட்ட செக் மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். கணக்கில் காசு இல்லை என்று தெரிந்தே கொடுத்த செக் திரும்பினால் 1990ஆம் ஆண்டுக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்கீழ் அது குற்றம். போலிசுக்குப் போக வேண்டியவர் கையெழுத்துப் போட்ட மனிதர்.

இன்னொன்று, கவனமாகப் படியுங்கள். கடனுக்கு வழக்குப் போடும் காலக்கெடு 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. கடையில் வாங்கிய பொருளுக்கும் செய்த வேலைக்கும் ஒரு வருடம், எழுதாத உடன்படிக்கைக்கு மூன்று, எழுதினதுக்கு ஆறு. நீங்கள் "ஆம், இவ்வளவு தர வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ காலம் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணப்படும். அதனால் திகதி பார்க்காமல் யாருக்கும் கடன் உறுதிக் கடிதம் கொடுக்க வேண்டாம். பயிற்றுநரின் சம்பளத்தை இந்தச் சட்டத்தைக் காட்டி விழுங்கலாம் என்று யாராவது கூட்டத்தில் யோசனை சொன்னால், அவரை அடுத்த நிருவாக சபைக்குத் தெரிவுசெய்யாதீர்கள்.

கோரம்

ஐந்தொகை அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் வங்கிக் கணக்கு திறக்காமல் அதில் ஒன்றும் நடக்காது. அதைச் சொல்கிறேன்.

யாப்பை, அதாவது கழகத்தின் விதிக்கோவையை எடுங்கள். பல கழகங்களில் அதன் பிரதியே இராது. விளையாட்டுத் திணைக்களத்தில் பதிந்தபோது கொடுத்தது அங்கே இருக்கும், எழுதிக் கேட்கலாம். அதில் மூன்று இலக்கம் தேடுங்கள்: விசேட பொதுக்கூட்டத்துக்கு எத்தனை நாள் அறிவித்தல், எத்தனை பேர் கேட்டால் கூட்ட வேண்டும், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய ஆகக்குறைந்த ஆட்கள்) எத்தனை. கோரத்தில்தான் பெரும்பாலும் வண்டி நிற்கும். 140 பேரில் மூன்றிலொன்று என்றால் 47 பேர் வர வேண்டும். சந்தா கட்டாதவரை அங்கத்தவர் பட்டியலில் இருந்து நீக்கும் விதி யாப்பில் இருந்தால் அதை முதலில் பாவித்துப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். ஆனால் நீக்குமுன் எல்லாருக்கும் கட்ட ஒரு தவணை கொடுத்து எழுத்தில் அறிவியுங்கள். இல்லாவிட்டால் கூட்டம் முடிந்த மறுநாளே "எங்களை வேண்டுமென்று வெட்டினார்கள்" என்று ஒரு கூட்டம் கிளம்பும், தீர்மானம் செல்லாமல் போகும்.

பொருளாளர் கட்டாரில் இருப்பது பெரிய தடை இல்லை. கையொப்பமிட்ட விலகல் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, கையில் இருக்கும் செக் புத்தகத்தை யாரிடம் கொடுத்தார் என்ற குறிப்பு, இவ்வளவும் அனுப்பச் சொல்லுங்கள். கூட்டத்தில் புதுப் பொருளாளரைத் தெரிவுசெய்து, கணக்கை இயக்கும் மூன்று பேரின் பெயரைத் தீர்மானத்தில் போடுங்கள். மூவரில் இருவர் கையெழுத்து, அதில் ஒன்று பொருளாளருடையது. இரண்டே பேரை வைத்தால் ஒருவர் விமானம் ஏறினதும் பழைய கதைதான். வங்கிக்குப் போகும்போது தீர்மானத்தின் பிரதியில் தலைவரும் செயலாளரும் "உண்மைப் பிரதி" என்று ஒப்பமிட்டிருக்க வேண்டும், யாப்பு, பதிவுச் சான்றிதழ், மூவரின் அடையாள அட்டை, முகவரிக்கு மின்சார பில், எல்லாம் ஒரே கோப்பில். தீர்மானத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். "எஸ். ராஜா" என்று குறிப்பில் எழுதி அட்டையில் முழுப் பெயர் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், கூட்டத்தை மறுபடி கூட்டச் சொன்னாலும் சொல்வார்கள்.

புதுக் கழகம் பற்றி. வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். பதிவு, லீக் அனுமதி எல்லாம் புதிதாக வாங்கி அடிப்பிரிவில் தொடங்க வேண்டும். வீரர்களின் பதிவு பழைய கழகத்தில் கிடக்கும், விடுவிப்புக் கடிதத்தை எழுதித் தர வேண்டியவர்கள் நீங்கள் விட்டுவிட்டு வந்த அதே நிருவாகிகள். சரி, கடனாவது பழைய பெயரோடு போய்விடுமா? கம்பனியாகப் பதியாத கழகத்தில் கடன்காரர் தேடுவது பெயர்ப் பலகையை இல்லை, வவுச்சரில் ஒப்பமிட்டவரை. அவர்கள் உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள், புதுக் கழகத்தின் முதல் மேட்சுக்குக் கடைக்காரரும் வந்து நிற்பார்.

2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தில் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்திய கம்பனியாகப் பதியும் வழி இருக்கிறது. நல்ல வழி, ஆனால் வருடாந்த அறிக்கை, கணக்காய்வு, கம்பனிச் செயலாளர் கட்டணம் என்று செலவு வரும். மாதம் 6,000 சேர்க்கும் கழகத்துக்கு அது இப்போது தோதில்லை. கடன் பாதியாகக் குறைந்த பிறகு யோசியுங்கள்.

கோர்னர் கொடி

செவன்-எ-சைட் கேள்வியை ஒருவரும் தொடவில்லையே. எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள், எல்லாரும் அதில்தான் கையைச் சுட்டுக்கொள்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொகைகள் உதாரணத்துக்கு, உங்கள் விலையை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

24 அணி, நுழைவு 7,500. வரவு 180,000. செலவு: மைதானம் 40,000, நடுவர் நாலு பேர் 20,000, முதற்பரிசு 50,000, இரண்டாம் பரிசு 25,000, கிண்ணமும் பதக்கமும் 32,000, நாலு பந்து 24,000, கூடாரம் கதிரை லவுட்ஸ்பீக்கர் 38,000, வேலை செய்பவர்களின் சாப்பாடும் தண்ணீரும் 22,000, முதலுதவி 12,000, பேனர் 10,000. கூட்டினால் 273,000. கடன் அடைப்பதற்கு வைத்த போட்டியில் 93,000 புதுக் கடன்.

பரிசுத் தொகையையும் கிண்ணத்தையும் யாராவது தனித்தனியாக ஏற்றால் செலவு 166,000க்கு இறங்கும், 14,000 மிஞ்சும். நாலு அணி சொல்லிவிட்டு வராமல் விட்டால் வரவு 150,000, மறுபடி 16,000 நட்டம். எனவே மூன்று விதி: நுழைவுக் காசு ஒரு கிழமைக்கு முன் கணக்குக்கு வர வேண்டும், வராத அணியின் பெயர் டிரோவில் (ஆட்ட அட்டவணையில்) போகாது. பரிசுக்கு ஆள் கிடைக்காமல் போட்டித் திகதி அறிவிக்கக் கூடாது. கொத்துக்கடை, பானக்கடை இடத்தை வாடகைக்குக் கொடுங்கள், நீங்களே கடை போடாதீர்கள். மழை வந்தால் மிஞ்சும் ரொட்டி உங்களுடையது.

நேரத்தையும் பாருங்கள். மூன்று அணி வீதம் எட்டுக் குழு என்றால் குழு ஆட்டம் 24, பிறகு காலிறுதியிலிருந்து 7, மொத்தம் 31. ஆட்டம் 20 நிமிடம், மாற 5 நிமிடம் என்றால் 775 நிமிடம், கிட்டத்தட்ட 13 மணித்தியாலம். காலை ஏழு மணிக்குத் தொடங்கினாலும் ஒரு பிட்ச்சில் வெளிச்சத்துக்குள் முடியாது. அரை மைதானம் வீதம் இரண்டு பிட்ச் போட்டால் ஆறரை மணித்தியாலம். அதற்குத்தான் நாலு நடுவர். மின்விளக்கு வாடகைக்கு எடுத்து இறுதி ஆட்டத்தை இரவில் வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்த ஒரு மணித்தியாலம் நுழைவுக் காசில் பெரிய துண்டைத் தின்றுவிடும்.

ஒக்டோபர், நவம்பரில் வைக்கவே வேண்டாம். கொழும்பில் அந்த இரண்டு மாதமும் பின்னேரம் இடிமழை. அரையிறுதி நேரத்தில் மைதானம் குளமாகும், பரிசைப் பங்கு போடச் சொல்வார்கள், சண்டை வரும். பெப்ரவரி, மார்ச் நல்லது. லவுட்ஸ்பீக்கருக்குப் பொலிஸ் அனுமதி, டிக்கெட் அடித்தால் மாநகர சபையில் கேளிக்கை வரி விடயம், ராஃபிள் சீட்டு விற்றால் அதற்குத் தனி அனுமதி, மூன்றையும் அச்சடிக்குமுன் கேட்டு முடியுங்கள்.

போட்டி வையுங்கள், பொடியன்கள் கழகத்தைப் பார்க்கட்டும், புது அங்கத்தவர் சேரட்டும். கடன் அடைப்பதற்கு அது வழி இல்லை.

ஐந்தொகை

கோர்னர் கொடியின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன்.

100 பேர் மாதம் 500 ரூபா: 50,000. வெளிநாட்டில் இருக்கும் பழைய வீரர்கள் 20 பேர் மாதம் 2,000 ரூபாவுக்குச் சமமாக: 40,000. சேர்ந்து 90,000. செலவு 74,000 போக 16,000 மிச்சம், வருடத்துக்கு 192,000. முன்னாள் தலைவரின் 400,000ஐ ஒதுக்கிவைத்தால் மீதிக் கடன் 1,060,000. அடைக்க ஐந்தரை வருடம். அவ்வளவு காலம் ஒருவரும் சந்தா கட்டமாட்டார்கள். பயிற்சியைக் கிழமைக்கு நாலு நாளிலிருந்து இரண்டாக்கி, பயிற்றுநரோடு பேசி 25,000க்கு ஒத்துக்கொண்டால் செலவு 54,000. மிச்சம் 36,000, வருடத்துக்கு 432,000, இரண்டரை வருடத்தில் வாசல் தெரியும். பழைய நிலுவைக்கு எழுத்தில் தவணை கொடுத்த பிறகுதான் அவரிடம் இதைக் கேட்க முகம் இருக்கும்.

100 பேர் எங்கே என்று கேட்பீர்கள். மாதச் சம்பளக்காரரிடம் வங்கியில் நிலையான கட்டளை (மாதாமாதம் தானாகக் காசு போகும் ஏற்பாடு) போடச் சொல்லுங்கள், 1ஆம் திகதிக்கும் 5ஆம் திகதிக்கும் இடையில். புறக்கோட்டையில் நாட்கூலிக்கும் வாரக்கூலிக்கும் நிற்பவரிடம் மாதம் 500 கேட்டால் கிடைக்காது, சனிக்கிழமை மாலை 125 கேட்டால் கிடைக்கும். அதற்குத் தெருவுக்கு ஒருவர், இலக்கமிட்ட கார்பன் பற்றுச்சீட்டுப் புத்தகம், திங்கட்கிழமை பகல் வங்கியில் வைப்பு. சேர்த்த காசில் ஓட்டோக் கூலி கொடுத்துவிட்டு மீதியை வைப்பிலிடும் பழக்கம் வந்தால் அன்றைக்கே புத்தகத்தை வாங்கிவிடுங்கள். சேர்ந்தது முழுதும் உள்ளே போக வேண்டும், செலவு வவுச்சரில் வெளியே வர வேண்டும்.

வெளிநாட்டுக் காசு வங்கி வழியாகவே வரட்டும். உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் வழியாக அனுப்புவதில்) நாலு ரூபா கூடக் கிடைக்கலாம், ஆனால் யார் அனுப்பினது என்பதற்குக் கடதாசி இராது, கணக்காய்வில் அது "தெரியாத வரவு" என்று நிற்கும்.

ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி வட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கக் கணக்கு: தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு, கடன் மீதி. வங்கிக் கூற்றின் படமும் சேர்த்து. கட்டாதவர் பெயரைப் போடாதீர்கள். பெயர் போட்டால் கட்டாதவர் குழுவை விட்டுப் போவார், அவருடைய இரண்டு தம்பிமாரும் போவார்கள்.

சுண்ணாம்புக்கோடு

காசைப் பற்றிப் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். மைதானத்தில் கரையும் காசைப் பற்றி நான்.

பந்து: கழகங்கள் வருடா வருடம் பத்துப் பந்து வாங்குவதற்குக் காரணம் பாதி வால்வு கிழிவது. ஊசியைக் காய்ந்தபடி குத்தாமல் ஒரு துளி கிளிசரின் தொட்டுக் குத்துங்கள். காற்று 0.6 முதல் 1.1 பார் (அழுத்த அளவு) என்பது விதி, பயிற்சிக்கு 0.7 போதும். மானி இல்லாமல் கல்லு மாதிரி அடித்து வெயிலில் விட்டால் தையல் விரியும். மழையில் நனைந்த பந்தைத் துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள்.

கோடு: சுட்ட சுண்ணாம்பை விட்டுவிடுங்கள், மலிவு என்றாலும் ஈரத்தில் தோலையும் கண்ணையும் எரிக்கும், வைத்தியச் செலவு யார் தலையில் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. இமல்ஷன் பெயின்றைத் தண்ணீரில் கரைத்து அடியுங்கள். 100க்கு 64 மீற்றர் மைதானத்தில் எல்லாக் கோடும் சேர்ந்தால் ஏறக்குறைய 690 மீற்றர் வரும். பெரும்பாலும் ஆகக்கூடிய 12 சதமமீற்றர் அகலத்தில் அடிக்கிறார்கள். எல்லாக் கோடும் ஒரே அகலம், கோல் கோடு கம்பத்தின் அகலம் என்பதுதான் விதி. கம்பம் 10 சதமமீற்றர் என்றால் கோடும் 10. ஆறில் ஒரு பங்கு பெயின்ற் அங்கேயே மிச்சம். பயிற்சி நாளுக்குக் கோடே வேண்டாம், கூம்பு போதும்.

ஜேர்சி: துணியோடு சேர்த்து அனுசரணையாளர் பெயரை அச்சடித்துவிட்டால் அவர் போகும்போது முழு செட்டும் போகும். உங்களுக்கு இப்போது நடந்திருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். பெயரைத் தனித் துணியில் அடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். அனுசரணைக் காசை மூன்று தவணையாக வாங்குங்கள், முதலாவது ஜேர்சி அச்சுக்குப் போகுமுன். "சீசன் முடியத் தருகிறேன்" என்பவருக்கு நெஞ்சில் இடம் கிடையாது, ஜேர்சியின் கைப்பகுதியில் சின்னதாகப் போடலாம்.

வான்: தூரத்து மேட்சுக்கு மட்டும். கொம்பனித்தெரு சிட்டி லீக் மைதானத்துக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து வான் எடுக்கும் கழகங்கள் இருக்கின்றன, பஸ் ஓடுகிற ஊரில்.

தூரத்து ரசிகன்

வெளியூர் அனுபவம் கொஞ்சம். ரசிகர்கள் கழகத்தைக் காப்பாற்றிய கதைகளில் இங்கே பொருந்துகிறவை மட்டும்.

இங்கிலாந்தில் ரசிகர் அறக்கட்டளை என்ற வடிவம் 1992இல் நோர்தம்ப்டன் டவுனில் தொடங்கியது. அங்கே ரசிகர்கள் காசோடு சேர்த்து நிருவாக சபையில் இடமும் கேட்டு வாங்கினார்கள். நீங்களும் அதைக் கேளுங்கள்: மாதம் கட்டும் நூறு பேர் சார்பில் நிருவாக சபையில் இரண்டு ஆசனம், கணக்குப் புத்தகம் பார்க்கும் உரிமை, யாப்புத் திருத்தமாக.

எக்ஸெட்டர் சிட்டி 2003இல் ரசிகர் கைக்கு வந்தது. 2005 ஜனவரியில் எஃப்ஏ கிண்ணத்தில் ஓல்ட் டிரஃபர்ட் போய் மன்செஸ்டர் யுனைடெட்டோடு 0-0. அந்த ஆட்டமும் மறுஆட்டமும் கொண்டுவந்த காசு கடனுக்குப் போனது. எதிர்பாராமல் வரும் காசுக்கு முன்கூட்டியே விதி வைத்துவிட வேண்டும், வந்த பிறகு பேசினால் ஸ்ட்ரைக்கர் வாங்கச் சொல்வார்கள்.

இங்கிலாந்தின் பரி கழகம் 2019 ஓகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது, 1885இல் தொடங்கிய கழகம். அதற்குப் பிறகு ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்: ஒரு பக்கம் புதுக் கழகம், மறுபக்கம் பழைய மைதானத்தை மீட்டவர்கள். 2022இல் சேர்வதற்கு வைத்த வாக்கெடுப்பு ஒரு பக்கத்தில் தேவையான மூன்றில் இரண்டு கிடைக்காமல் தோற்றது, 2023இல்தான் சேர்ந்தார்கள். புதுப் பெயர் யோசனை சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

பெர்லினில் யூனியன் கழகத்தின் மைதானத்தை 2008-09இல் ஈராயிரத்துக்கு மேற்பட்ட ரசிகர்கள் தங்கள் கையாலேயே திருத்திக் கட்டினார்கள். காசில்லாதவரிடம் வேலை வாங்கலாம். உங்கள் பக்கம் வெல்டிங், பெயின்ற், தையல், அச்சகம் தெரிந்தவர்கள் குறைவா? அவர்களின் உழைப்பையும் மாதக் கணக்கில் ஒரு வரியாகப் போடுங்கள், சந்தாவுக்குச் சமமாக.

ஒரு எச்சரிக்கை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் கடைசியில்தான் அந்தத் தடையை நீக்கியது. சர்வதேச ஆட்டமும் ஃபிஃபா, ஏஎஃப்சி (ஆசியச் சம்மேளனம்) உதவியும் அவ்வளவு நாளும் நின்றது. உங்கள் கழகத்தின் கையில் இல்லாத காரணத்தால் ஒரு சீசன் பிந்தலாம். ஆட்டமே இல்லாத நாலு மாதம் வந்தால் எந்தச் செலவு நிற்கும், எது நிற்காது என்று இப்போதே எழுதிவையுங்கள்.

வடகொழும்பு ரசிகன்

எல்லாருக்கும் நன்றி. யாப்பு கிடைத்தது. கோரம் 35, அறிவித்தல் 14 நாள். முன்னாள் தலைவரின் 400,000 பற்றி மட்டும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அவர் கடன் என்கிறார், பழையவர்கள் நன்கொடை என்கிறார்கள். கடதாசி ஒன்றும் இல்லை. மனிதர் மரியாதையானவர், பகைக்கவும் விருப்பமில்லை.

கோரம்

கடதாசி இல்லை என்று அவசரப்பட வேண்டாம். அந்த வருடத்துக் கணக்கறிக்கையைப் பாருங்கள். பொதுக்கூட்டத்தில் வாசித்து ஏற்ற அறிக்கையில் அது "நன்கொடை" என்று வரவில் விழுந்திருந்தால், அப்போது தலைவராக ஒப்பமிட்டதும் அவர்தான். "தர வேண்டியது" என்று பொறுப்புப் பக்கத்தில் இருந்தால் கடன். இரண்டிலும் இல்லாமல் வங்கிக் கூற்றில் வரவு மட்டும் இருந்தால், பொதுக்கூட்டத்துக்கு முன் இரண்டு மூத்தவர்களோடு வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், கூட்டத்தில் வைத்துக் கேட்க வேண்டாம்.

பாதியை நன்கொடையாக ஏற்று, மீதியை மற்ற எல்லாரும் அடைந்த பிறகு வட்டியில்லாமல் தருவதாக ஒத்துக்கொண்டால் நல்லது. அதை ஒரு பக்கத்தில் எழுதி அவரும் புதுத் தலைவரும் ஒப்பமிடட்டும். ஐந்தொகை அண்ணன் சொன்ன ஆறு வருடம், எழுதினபடி தராமல் விட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும் என்பதை இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு போடுங்கள். பேச்சு முறிந்தால் வக்கீலுக்கு முன் மத்தியஸ்த சபை.

கூட்டத்தைப் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வைக்காதீர்கள், பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். 35 வேண்டுமென்றால் 60 பேருக்கு நேரில் சொல்லுங்கள், வட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினவரை எண்ணாதீர்கள்.

சுண்ணாம்புக்கோடு

வருகைப் பதிவில் கையெழுத்தோடு அடையாள அட்டை இலக்கமும் வாங்குங்கள். வங்கியில் கேட்டாலும் கேட்பார்கள்.